ஆர்கனாய்டா, ஜீன் டெஸ்ட்டா, எலியா: கேன்சர் மருந்தை முன்கூட்டியே சோதிச்சுப் பாக்கணும்னா எதை எப்போ எடுக்கலாம்

முதல் கீமோ கேக்கல, ஸ்கேன்ல கட்டி பெருசாயிருக்கு, டாக்டர் அடுத்ததா ரெண்டு மருந்து சொல்றாரு, ரெண்டுல எது இவருக்கு வேலை செய்யும்னு கேட்டா "குடுத்துப் பாத்தாதான் தெரியும்"ங்கிறாரு. கேன்சர் வைத்தியத்துல இதைவிட கொடுமையான பதில் இல்லன்னு நினைக்கிறேன், ஏன்னா அந்தக் குடுத்துப் பாக்குற ரெண்டு மூணு மாசமும் வாந்தி, சோர்வு, ரத்த அணு குறையிறதுன்னு எல்லாத்தையும் அனுபவிக்கிறது பேஷண்ட்டு, கடைசியில மருந்து கேக்கலன்னா போன மாசங்களும் அவங்களோடதுதான். அதனாலதான் "உங்க கட்டியையே லேப்ல வளர்த்து, அதுமேல மருந்தைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றோம்"னு யாராவது சொன்னா குடும்பமே நிமிர்ந்து உக்காருது. உக்காரணும், அதுல தப்பே இல்ல. ஆனா அந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதுக்குப் பதிலா வேற என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு பணத்தையும் நேரத்தையும் போடுங்க.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். ஜீன் டெஸ்ட் முதல்ல, அது எல்லாருக்கும். ஆர்கனாய்டு டெஸ்ட், அதாவது கட்டியோட செல்லை லேப்ல குட்டி உருண்டையா வளர்த்து மருந்து போட்டுப் பாக்கிறது, ஒரு குறிப்பிட்ட சூழ்நிலைக்கு மட்டும், அதுலயும் "இந்த மருந்து வேலை செய்யாது"ன்னு வர்ற பதிலை "வேலை செய்யும்"னு வர்ற பதிலைவிட கூடுதலா நம்பலாம். எலியில கட்டியை வளர்க்கிறது ஒரு தனி பேஷண்ட்டோட முடிவுக்கு அனேகமா உதவாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கதையே வேற, அங்க வளர்க்கவே வேண்டாம், செல்லை அப்படியே எடுத்து சோதிக்கிற வழி இருக்கு. இப்போ ஒவ்வொண்ணா ஏன்னு சொல்றேன்.

எந்த டெஸ்ட்டும் எடுக்காம டாக்டர் சொல்ற ஸ்டாண்டர்டு ட்ரீட்மெண்ட்டை எடுத்துக்கிறதும் ஒரு ஆப்ஷன்தான், அதை யாரும் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல. முதல் தடவை கேன்சர் கண்டுபிடிச்சிருக்காங்க, ஆபரேஷனோ கீமோவோ பண்ணா முழுசா குணமாக வாய்ப்பு இருக்குன்னா, அந்த மருந்துக் கூட்டு ஆயிரக்கணக்கான பேஷண்ட்டுங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு வருஷக்கணக்கா பாத்து முடிவானது. அந்த ஆதாரத்துக்கு முன்னாடி ஒரு பிளேட்டுல வளந்த சில நூறு செல் உருண்டை சொல்றது நிக்காது. குணமாகிற கட்டத்துல இருக்கிறவங்க லேப் ரிசல்ட்டுக்காக ஒரு வாரம்கூட கீமோவைத் தள்ளிப் போடக் கூடாதுன்னுதான் நான் சொல்வேன், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

அடுத்தது ஜீன் டெஸ்ட். கட்டியிலேர்ந்தோ ரத்தத்துலேர்ந்தோ டிஎன்ஏவை எடுத்து எந்த ஜீன் மாறியிருக்குன்னு படிக்கிறது. நுரையீரல் கேன்சர்ல இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு. மார்பகத்துல ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருந்தா அதுக்கு மருந்து. பிஆர்சிஏ ஜீன்ல மாற்றம் இருந்தா பார்ப் இன்ஹிபிட்டர்ங்கிற வகை மருந்து. பெருங்குடல் கேன்சர்ல கேராஸ் ஜீன் மாறியிருந்தா செட்டுக்ஸிமாப்ங்கிற மருந்தைக் குடுக்கிறது வழக்கமா வீண், அந்தக் கதவை முன்னாடியே மூடிடலாம். இதெல்லாம் பெரிய ட்ரயல்ல நிரூபிச்ச விஷயம். இன்னொண்ணு, டிபிஒய்டின்னு ஒரு ஜீன் இருக்கு, இது கட்டியில பாக்கிறது கிடையாது, பேஷண்ட்டோட சொந்த ஜீன், அது சரியா வேலை செய்யலன்னா 5-எஃப்யூங்கிற கீமோ மருந்து உடம்புல உடைஞ்சு வெளிய போகாம தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆர்கனாய்டு கட்டி சாகுமான்னுதான் சொல்லும், மருந்தை உங்க உடம்பு தாங்குமான்னு ஒரு நாளும் சொல்லாது, இதை மனசுல வச்சுக்கோங்க.

ஜீன் டெஸ்ட்டோட குறை என்னன்னா, சாதாரண கீமோ மருந்துங்கள்ல பெரும்பாலானதுக்கு இந்த ஜீன் இருந்தா கேக்கும் இல்லன்னா கேக்காதுன்னு சொல்ற அளவுக்கு அடையாளம் எதுவும் கிடையாது. நிறைய பேருக்கு ரிப்போர்ட் பத்துப் பதினஞ்சு பக்கம் வரும், ஆனா இதுக்கு மருந்து இருக்குன்னு சொல்ற மாதிரி ஒரு வரி இருக்காது. ஜீன் மாற்றம் இருந்தாலே அதுக்கேத்த மருந்து வேலை செஞ்சிடும்னும் கிடையாது. ஃப்ரான்ஸ்ல ஷிவா-ன்னு ஒரு ட்ரயல் நடந்துச்சு, 2015ல ரிசல்ட் வந்துச்சு, 195 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் ஜீன் மாற்றத்தைப் பாத்து மருந்து, இன்னொரு பக்கம் டாக்டர் தன் அனுபவத்துல குடுக்கிற மருந்து. கட்டி திரும்ப வளர எடுத்த காலம் ஒரு பக்கம் 2.3 மாசம், இன்னொரு பக்கம் 2.0 மாசம், அதாவது சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. நிரூபிச்ச ஜோடி, அதாவது இந்தக் கேன்சர்ல இந்த மாற்றத்துக்கு இந்த மருந்துன்னு ஏற்கனவே அப்ரூவ் ஆனது, அதுக்கு மட்டும் ஜீன் டெஸ்ட் தங்கம். அதைத் தாண்டினா அதுவும் யூகம்தான்.

இந்த இடைவெளியிலதான் ஆர்கனாய்டு வருது. ஜீனைப் படிச்சு யூகிக்காம, உயிரோட இருக்கிற செல்லுமேல மருந்தைப் போட்டு சாகுதா பாக்கிறது. யோசனை புதுசு கிடையாது, 1977லயே அமெரிக்காவுல அரிசோனாவுல ஹாம்பர்கர், சால்மன்னு ரெண்டு பேர் பேஷண்ட்டோட கட்டி செல்லை அகார்ங்கிற ஜெல்லுல வளர்த்து காட்டினாங்க, உடனே இதுல கீமோவை சோதிச்சுடலாம்னு உலகமே பரபரப்பாச்சு. ஆனா பாதிக்கு மேல கட்டி வளரவே மாட்டேன்னுச்சு, வளந்ததுலயும் கேக்காதுன்னு சொன்னது அனேகமா சரியா இருந்துச்சு, கேக்கும்னு சொன்னது அந்த அளவுக்கு சரியா வரல. கடைசியில அமெரிக்க ஆன்காலஜிஸ்ட்டுங்களோட சங்கம் ஆஸ்கோ 2004லயும் திரும்ப 2011லயும் இந்த மாதிரி கீமோ டெஸ்ட்டை ட்ரயலுக்கு வெளியே வச்சு ட்ரீட்மெண்ட் முடிவு பண்ணாதீங்கன்னு சொல்லிடுச்சு. இந்தப் பழைய கதையை ஏன் சொல்றேன்னா, இன்னைக்கு விளம்பரத்துல வர்ற ஒவ்வொரு வாக்கியமும் அன்னைக்கே ஒரு தடவை சொன்னதுதான், ஆனா டெக்னாலஜி நிஜமாவே மாறியிருக்கு, ரெண்டும் சேந்தே உண்மை.

மாறினது 2009ல. நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸோட லேப்ல தோஷிரோ சாட்டோ ஒரே ஒரு குடல் ஸ்டெம் செல்லை ஜெல்லுல வச்சு, சரியான வளர்ச்சிப் பொருளெல்லாம் குடுத்து, குட்டிக் குடல் மாதிரி ஒரு அமைப்பை வளத்துக் காட்டினாரு. அடுத்த ரெண்டு வருஷத்துல அதே வழியில மனுஷனோட குடல் கேன்சரும் வளந்துச்சு, 2015ல 20 பெருங்குடல் கேன்சர் பேஷண்ட்டுங்களோட ஆர்கனாய்டை உயிரோட சேமிச்சு வச்ச பேங்க்கே வந்துடுச்சு. பழைய செல் லைனுக்கும், அதாவது லேப்ல வருஷக்கணக்கா பெருக்கிக்கிட்டே இருக்கிற செல்லுக்கும், இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. 1951ல எடுத்த ஹீலா செல் மாதிரி பிளாஸ்டிக்ல தட்டையா பல வருஷம் வளந்த செல், பிளாஸ்டிக்ல வாழப் பழகிப்போன செல், அது எந்த பேஷண்ட்டோட கட்டியையும் பிரதிபலிக்கிறதில்ல. ஆர்கனாய்டு முப்பரிமாணமா வளருது, மூலக் கட்டியில இருந்த ஜீன் மாற்றத்துல பெரும்பகுதியை அப்படியே வச்சிருக்கு, சுரப்பி அமைப்புகூட மைக்ராஸ்கோப்ல அடையாளம் தெரியும்.

வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க, அப்பதான் எங்கெங்க சறுக்கும்னு புரியும். பயாப்சி ஊசியில வர்ற துணுக்கு மெல்லிசா ஒரு நூல் அளவுதான். அதைப் பொடிசா நறுக்கி, என்சைம் ஊத்தி செல்லைப் பிரிச்சு, மேட்ரிஜெல்னு ஒரு ஜெல்லுல கலக்கணும். அந்த ஜெல்லு ஐஸ்ல இருக்கிற வரைக்கும் இளகி ஓடும், 37 டிகிரிக்கு வந்தா உறைஞ்சிடும், அதனால சொட்டு விடுற பிப்பெட்டோட டிப்பெல்லாம் குளிர வச்சு வேகமா சொட்டுச் சொட்டா பிளேட்ல வைக்கணும், கை தாமதிச்சா டிப்புக்குள்ளயே இறுகிடும். அப்புறம் பிளேட்டைத் தலைகீழா கவுத்து வச்சாதான் செல்லெல்லாம் அடியில படியாம ஜெல்லுக்குள்ள தொங்கும். ஜெல்லு இறுகினதும் மேல வளர்ச்சிப் பொருள் கலந்த திரவம், அதைத்தான் மீடியம்பாங்க. அடுத்து காத்திருக்கணும். சில கட்டி ஒரு வாரத்துல உருண்டை உருண்டையா வரும், சிலது மாசக்கணக்குல அசையாது. போதுமான அளவு பெருகினதும் பிரிச்சு, குட்டிக் குழி நிறைய இருக்கிற பிளேட்ல போட்டு, ஒவ்வொரு மருந்தையும் பல அளவுல குடுத்து, அஞ்சாறு நாள் கழிச்சு உயிரோட இருக்கிற செல்லுக்குள்ள சக்தி தர்ற ஏடிபிங்கிற பொருளை வெளிச்சமா மாத்தி அளப்பாங்க. வெளிச்சம் கம்மியானா செல் செத்திருக்குன்னு அர்த்தம்.

இதுல முதல் சறுக்கல், வளந்தது கட்டிதானாங்கிறது. நுரையீரல், புரோஸ்டேட் மாதிரி இடத்துலேர்ந்து எடுத்தா பக்கத்துல இருக்கிற நல்ல செல்லு கேன்சர் செல்லைவிட வேகமா வளந்து பிளேட்டைப் பிடிச்சுக்கும், அப்போ நீங்க சோதிக்கிறது பேஷண்ட்டோட நல்ல திசுவை. நல்ல லேப் வளந்த ஆர்கனாய்டோட ஜீனை மூலக் கட்டியோட ஜீனோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் ரிப்போர்ட் குடுக்கும். ரிப்போர்ட்ல அந்த ஒப்பீடு இல்லன்னா நான் அதை நம்ப மாட்டேன்.

சரி, நம்பர் என்ன சொல்லுது? 2018ல லண்டன்ல வ்ளாகோயானிஸ், வலேரி குழு பரவின வயிறு, குடல் கேன்சர் பேஷண்ட்டுங்களோட பயாப்சியிலேர்ந்து ஆர்கனாய்டு வளத்து, அந்த பேஷண்ட்டுங்களுக்கு நிஜத்துல மருந்து எப்படி வேலை செஞ்சுதுன்னு ஒப்பிட்டாங்க. ஆர்கனாய்டு "கேக்காது"ன்னு சொன்ன இடத்துல 100% அப்படியேதான் ஆச்சு, "கேக்கும்"னு சொன்ன இடத்துல 88% சரியா வந்துச்சு. எண்ணிக்கை சின்னதுங்கிறதை மறக்கக் கூடாது, ஆனாலும் அந்தப் பேப்பர் வந்தப்புறம்தான் கிளினிக் பக்கம் இருக்கிறவங்களும் இதைத் திரும்பிப் பாத்தாங்க. சீனாவுல 2020ல மலக்குடல் கேன்சர் 80 பேருக்கு கீமோவும் ரேடியேஷனும் சேத்துக் குடுத்தப்போ ஆர்கனாய்டு சுமார் 84% பேருக்கு சரியா சொல்லுச்சு.

இதோட நிறுத்திட்டா அழகா இருக்கும், ஆனா அதே நெதர்லாந்துலேர்ந்து வந்த ரெண்டு ஸ்டடியை சொல்லாம விட்டா அது பேஷண்ட்டுக்குப் பண்ற துரோகம். 2019ல உஃப்ட், வூஸ்ட் குழு பரவின பெருங்குடல் கேன்சர்ல பாத்தாங்க. ஐரினோடீகன்ங்கிற கீமோ அடிப்படையில குடுக்கிற மருந்துக்கு ஆர்கனாய்டு 80%க்கு மேல சரியா சொல்லுச்சு, பலன் கிடைக்க வேண்டிய ஒருத்தரைக்கூட தப்பா ஒதுக்கல. அதே ஸ்டடியில 5-எஃப்யூவும் ஆக்சாலிபிளாட்டினும் சேந்த கூட்டுக்கு எதையும் கணிக்க முடியல. அதே நோய், அதே லேப், அதே கை, மருந்து மாறினா டெஸ்ட்டோட மதிப்பே மாறிடுது. அதனால "ஆர்கனாய்டு டெஸ்ட் எவ்ளோ துல்லியம்?"னு பொதுவா கேக்கிற கேள்விக்குப் பதிலே கிடையாது, எந்தக் கேன்சர்ல எந்த மருந்துக்குன்னு கேக்கணும்.

ரெண்டாவது ஸ்டடி சென்சார்னு பேரு, 2021ல வந்துச்சு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. மத்த ஸ்டடியெல்லாம் பேஷண்ட்டுக்கு மருந்தை டாக்டர் வழக்கம்போல குடுப்பாரு, ஆர்கனாய்டு சரியா சொல்லுச்சான்னு பக்கத்துல ஒப்பிட்டுப் பாப்பாங்க. இதுல ஆர்கனாய்டு சொல்றதைக் கேட்டே மருந்து குடுத்தாங்க, வேற வழி எல்லாம் முடிஞ்சுபோன பெருங்குடல் கேன்சர் பேஷண்ட்டுங்களுக்கு. 54 பேரோட திசுவுல 31 பேருக்குத்தான் வளந்துச்சு, அதாவது 57%. அதுல 25 பேரோடதை மருந்துல சோதிச்சாங்க, 19 பேரோடது ஏதோ ஒரு மருந்துக்காவது நல்லா செத்துச்சு. ஆனா கடைசியா அந்த மருந்து போய்ச் சேந்தது 6 பேருக்கு. அந்த 6 பேருல ஒருத்தருக்குக்கூட கட்டி அளவெடுத்துச் சொல்ற மாதிரி சுருங்கல. பிளேட்ல செத்த செல் உடம்புல சாகல. அந்த ஆறு குடும்பமும் எவ்ளோ எதிர்பார்ப்போட அந்த மருந்தை ஆரம்பிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏன் இப்படி ஆகுது, ஏன் "இல்ல"ங்கிற பதில் "ஆமா"ங்கிற பதிலைவிட பலமா இருக்குங்கிறதுக்குக் காரணம் இருக்கு. பிளேட்ல மருந்து நேரா செல்லுமேல விழுது, நாள்கணக்குல அதே அளவுல நிக்குது. உடம்புல அதே மருந்தைக் கல்லீரல் உடைக்குது, கிட்னி வெளியேத்துது, கட்டியைச் சுத்தி இருக்கிற நார்த்திசு தடுக்குது, ரத்த ஓட்டம் இல்லாத மூலைக்கு மருந்து போய்ச் சேரவே மாட்டேங்குது. இவ்ளோ வசதி செஞ்சு குடுத்தும் பிளேட்ல சாகாத செல்லு உடம்புல சாக வாய்ப்பு கம்மி. ஆனா பிளேட்ல செத்ததுக்கு உடம்புல எந்த கேரண்டியும் இல்ல, அதுலயும் லேப்ல போட்ட அளவு மனுஷ ரத்தத்துல எட்டவே முடியாத அளவுன்னா அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே கிடையாது.

"இல்ல"ங்கிற பதிலையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாத மருந்து இருக்கு. பெவாசிசுமாப் புது ரத்தக்குழாய் வளராம தடுக்கிற மருந்து, பிளேட்ல ரத்தக்குழாயே இல்ல, அப்புறம் அது எதைத் தடுக்கும். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி நம்ம எதிர்ப்பு சக்தியோட டி செல்லை எழுப்பிவிட்டு கேன்சரை அடிக்க வைக்குது, சாதா ஆர்கனாய்டுல டி செல்லே கிடையாது. டி செல்லையும் சேத்து வளர்க்கிற முறையை 2018லயே நெதர்லாந்துலயும் ஸ்டான்ஃபோர்டுலயும் காட்டிட்டாங்க, ஆனா அதை வச்சு ஒரு பேஷண்ட்டுக்கு இம்யூனோதெரபி வேண்டாம்னு சொல்ற நிலைமை இன்னும் வரல. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, கேப்சிடபின் ரெண்டும் கல்லீரல்ல மாறினாதான் முழுசா மருந்தாகுது, ஐரினோடீகனும் உடம்புல எஸ்என்-38ன்னு ஒரு பொருளா மாறித்தான் பெரும்பாலான வேலையைச் செய்யுது. விவரம் தெரிஞ்ச லேப் பிளேட்ல எஸ்என்-38ஐயே நேரா போடும். ரிப்போர்ட்ல சைக்ளோஃபாஸ்ஃபமைடையே அப்படியே போட்டு "கேக்கல"ன்னு எழுதியிருந்தா அந்த வரியை அடிச்சிடுங்க, முடிஞ்சா அந்த லேப்பையும்.

எலிக்கு வர்றேன். மனுஷக் கட்டியை எதிர்ப்பு சக்தி இல்லாத சுண்டெலியில வச்சு வளர்க்கிறது, 1969லேர்ந்தே பண்றாங்க. இதுல ரத்த ஓட்டம் இருக்கு, கல்லீரல் இருக்கு, மருந்து உடைஞ்சு வெளிய போகுது, அதனால கணிப்பு நல்லாவே வருது. 2017ல வந்த ஒரு ஸ்டடியில 92 பேஷண்ட்டுங்களோட 129 ட்ரீட்மெண்ட்டை ஒப்பிட்டதுல 87% பொருந்துச்சு. அப்போ எலிதானே பெஸ்ட்டுன்னு தோணும். பிரச்சனை நேரம். கட்டி எலியில பிடிச்சு, பெருகி, மருந்து சோதிக்கிற அளவுக்கு வர மாசக்கணக்காகும், நாலுலேர்ந்து எட்டு மாசம்கூட சகஜம். பரவின கணையக் கேன்சர் இருக்கிறவங்களுக்கு எட்டு மாசம் கழிச்சு வர்ற ரிப்போர்ட்டை வச்சு என்ன பண்றது. அதோட எலிக்குள்ள போன கட்டி தலைமுறைக்குத் தலைமுறை எலிக்கு ஏத்த மாதிரி மாறுதுன்னும், சுத்தி இருந்த மனுஷ நார்த்திசு போய் எலியோட திசு வந்துடுதுன்னும் தெரிய வந்திருக்கு. எதிர்ப்பு சக்தி இல்லாத எலிங்கிறதால இம்யூனோதெரபியையும் சோதிக்க முடியாது. மருந்துக் கம்பெனிக்கு, ஆராய்ச்சிக்கு எலி அருமையான கருவி, ஒரு குடும்பத்தோட அடுத்த மாச முடிவுக்கு அது வேண்டாம்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஏன் தனிக் கதைன்னு சொன்னேன்னா, அங்க செல்லு ஏற்கனவே தனித்தனியா மிதக்குது, ரத்தத்துலேர்ந்தோ எலும்பு மஜ்ஜையிலேர்ந்தோ எடுத்து அன்னைக்கே மருந்து போட்டு, மைக்ராஸ்கோப்ல கேன்சர் செல்லு எவ்ளோ செத்துச்சு, பக்கத்துல இருக்கிற நல்ல செல்லு எவ்ளோ செத்துச்சுன்னு ரெண்டையும் தனித்தனியா எண்ணிடலாம். வியன்னாவுல எக்ஸால்ட்னு ஒரு ட்ரயல் இப்படித்தான் நடந்துச்சு, பல ட்ரீட்மெண்ட் தோத்துப் போனவங்க. டெஸ்ட் சொன்ன மருந்தை எடுத்த 56 பேர்ல 54% பேருக்கு அதுக்கு முன்னாடி எடுத்த மருந்தைவிட குறைஞ்சது 1.3 மடங்கு அதிக காலம் நோய் கட்டுக்குள்ள இருந்துச்சு. ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்த ட்ரயல் கிடையாது, ஒவ்வொருத்தரையும் அவங்களோட பழைய காலத்தோடயே ஒப்பிட்டது, அந்தக் குறை இருக்கு. ஆனாலும் டெஸ்ட்டைக் கேட்டு மருந்து குடுத்து பேஷண்ட்டுக்கு நிஜமா பலன் வந்துச்சுன்னு காட்டின விஷயத்துல இது ஆர்கனாய்டைவிட ஒரு படி முன்னாடி நிக்குது. லிம்ஃபோமா, லுகீமியா திரும்ப வந்து வழி தெரியாம நிக்கிறவங்க ஆர்கனாய்டைத் தேடாம இந்த மாதிரி டெஸ்ட் எங்க ட்ரயல்ல நடக்குதுன்னு தேடுங்க.

கட்டியை மெல்லிசா சீவி அப்படியே சில நாள் உயிரோட வச்சு சோதிக்கிறது, ஜீப்ரா மீன் குஞ்சுல கேன்சர் செல்லை ஊசியில ஏத்தி சில நாள்ல பாக்கிறது, சிப்ல ரத்தக்குழாய் மாதிரி கால்வாய் விட்டு வளர்க்கிறதுன்னு இன்னும் வழிங்க இருக்கு. எல்லாத்துலயும் நல்ல ஆராய்ச்சி நடக்குது, பேஷண்ட் முடிவுக்கு இப்போதைக்கு இவ்ளோ தெரிஞ்சா போதும். மூளைக் கட்டி கிளியோபிளாஸ்டோமாவுல மட்டும் ஒண்ணு கவனிக்கணும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2020ல காட்டின முறையில செல்லைப் பிரிக்காம, ஜெல்லும் இல்லாம, ஆபரேஷன்ல எடுத்த துண்டையே பொடிசா வெட்டி சுழற்சியில வளர்க்கிறாங்க, ஒண்ணு ரெண்டு வாரத்துலயே தயாராகுது. அதே மாதிரி செல்லைக் குட்டிக் குட்டி ஜெல் துளியில அடைச்சு 14 நாளுக்குள்ள ரிசல்ட் வாங்குற முறையை 2022ல அமெரிக்காவுல காட்டியிருக்காங்க. வழக்கமான ஆர்கனாய்டுக்கு நாலுலேர்ந்து எட்டு வாரம் ஆகுறப்போ இது பெரிய விஷயம், ஏன்னா இந்த டெஸ்ட்டோட முதல் எதிரி நேரம்தான்.

அப்போ ஆர்கனாய்டு யாருக்கு? நான் பாக்கிற வரைக்கும், ஜீன் டெஸ்ட் எடுத்து அதுல வழி கிடைக்காம, டாக்டரே "இந்த ரெண்டுல எது குடுத்தாலும் சமம்தான்"னு சொல்ற நிலைமையில, அந்த ரெண்டுமே நேரா செல்லைக் கொல்ற கீமோவா இருந்து, சில வாரம் காத்திருக்க நோய் விடுற பட்சத்துல, அல்லது இப்போ ஒரு மருந்து ஓடிக்கிட்டு இருக்கு அடுத்ததுக்குத் தயாராகணும்னா, அவங்களுக்கு. சமமா இருக்கிற ரெண்டுல ஒண்ணை டெஸ்ட் "கேக்காது"ன்னு சொன்னா இன்னொண்ணுக்குப் போறதுல நஷ்டம் எதுவும் இல்ல. டாக்டர் இது நல்லதுன்னு சொல்ற மருந்தை விட்டுட்டு, டெஸ்ட் மட்டும் "கேக்கும்"னு சொல்ற, அந்தக் கேன்சருக்கு அப்ரூவ் ஆகாத மருந்துக்குத் தாவுறதுன்னா எனக்கு பயம்தான், சென்சார் ஸ்டடியில டெஸ்ட் "கேக்கும்"னு சொன்ன மருந்தே உடம்புல கட்டியைச் சுருக்கல. ட்ரயல் இருந்தா ட்ரயல்ல சேந்து எடுக்கிறது தனியா காசு குடுத்து எடுக்கிறதைவிட எப்பவும் மேல், ஏன்னா அங்க ரிசல்ட்டை வச்சு என்ன பண்ணணும்ங்கிறதும் முன்னாடியே எழுதியிருப்பாங்க, பேஷண்ட்டையும் தொடர்ந்து கவனிப்பாங்க. வேகமா பரவுற சின்ன செல் நுரையீரல் கேன்சர் மாதிரி நோயில காத்திருக்கவே கூடாது.

எடுக்கிறதுன்னு முடிவு பண்ணா லேப்கிட்ட நேரா கேளுங்க. எங்க கேன்சர் வகையில நூறு சாம்பிள் வந்தா எத்தனை வளருது, வளரலன்னா பணம் என்னாகும், எத்தனை நாள்ல ரிப்போர்ட், நீங்க போடுற மருந்து அளவு ரத்தத்துல எட்டுற அளவா, மத்த பேஷண்ட்டுங்களோட ஆர்கனாய்டோட ஒப்பிட்டு எங்களோடது எங்க நிக்குதுன்னு காட்டுவீங்களா, எங்க மருந்துக்கு உங்க கணிப்பு பேஷண்ட்டுல சரியா வந்ததுக்கு வெளியான ஆதாரம் இருக்கா. கடைசிக் கேள்விக்கு வேற மருந்தோட பேப்பரைக் காட்டினா அது பதில் கிடையாது. அப்புறம் உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட டெஸ்ட்டுக்கு முன்னாடியே கேளுங்க, "ரிசல்ட் இப்படி வந்தா மருந்தை மாத்துவீங்களா?"ன்னு. மாத்த மாட்டேன்னு சொன்னா அந்த டெஸ்ட்டுக்காக இன்னொரு ஊசியைக் குத்திக்காதீங்க.

சாம்பிள் விஷயத்துல ஒரு சின்ன தப்பு எல்லாத்தையும் கெடுத்துடும். ஆபரேஷன் தியேட்டர்ல திசுவை எடுத்ததும் வழக்கமா ஃபார்மலின் டப்பாவுல போடுவாங்க, பேத்தாலஜிக்கு அதுதான் சரி, ஆனா ஃபார்மலின்ல விழுந்த நிமிஷமே செல்லு செத்துப்போச்சு, அதை எந்த லேப்பாலயும் வளர்க்க முடியாது. ஆர்கனாய்டுக்கு ஒரு துண்டு குளிர்ந்த மீடியத்துல உயிரோட போகணும், நோய் என்னன்னு பாக்குறதுக்கான துண்டு குறையாம பேத்தாலஜிக்கும் போகணும், இந்த ஏற்பாடு சர்ஜன், பேத்தாலஜிஸ்ட், லேப் மூணு பேருக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். முடிஞ்ச அப்புறம் கேட்டா மெழுகுக் கட்டியில பதிச்ச திசுதான் இருக்கும், அதுல ஜீன் டெஸ்ட் பண்ணலாம், ஆர்கனாய்டு முடியாது.

சில பேர் கேக்குறாங்க, இப்போ ஆபரேஷன்ல எடுக்கிற கட்டியை ஆர்கனாய்டா உறைய வச்சு சேமிச்சுட்டா, பின்னாடி திரும்ப வந்தா உடனே சோதிக்கலாமேன்னு. உறைய வச்சு எழுப்ப முடியும், அது நிஜம். ஆனா நடுவுல ரெண்டு கீமோவைத் தாண்டி வந்த கேன்சர், எந்த செல்லு அந்த மருந்துக்கு சாகலையோ அதுலேர்ந்து வளந்தது. 2012லயே கிட்னி கேன்சர்ல ஒரே கட்டியோட பல மூலையை எடுத்துப் பாத்தப்போ இடத்துக்கு இடம் ஜீன் மாற்றம் வேறயா இருந்துச்சு, அப்படின்னா வருஷம் கழிச்சு வேற உறுப்புல வந்ததுக்கு எவ்ளோ வித்தியாசம் இருக்கும். அதனால சேமிச்சு வைக்கலாம், ஆராய்ச்சிக்கும் உதவும், ஆனா திரும்ப வந்தப்போ மருந்து முடிவு பண்ணணும்னா அப்போ வளந்த கட்டியிலேர்ந்து புதுசா ஒரு பயாப்சி எடுக்க முடியுமான்னுதான் முதல்ல பாக்கணும். உடம்பு அதைத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னா, பழைய ஆர்கனாய்டைத் தட்டி எழுப்புறதைவிட ரத்தத்துல ஜீன் டெஸ்ட் எடுக்கிறது மேல், அது இன்னைக்கு உடம்புல இருக்கிற கேன்சரைப் பத்திப் பேசுது.